கண்ணாடிக்கார அக்காவும் காணாமல் போன வண்டிப் புத்தகமும்

எங்கள் தெருவில் நாலு பேர் கூடி நின்று சிரித்தால், கண்ணாடிக்கார அக்கா யாரையோ வம்புக்கு இழுத்திருக்கிறாள் என்று அர்த்தம். பெரும்பாலும் அந்த யாரோ நான்தான். அவள் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவள் கண்ணாடி வெட்டுகிற கீச்சு எனக்குக் கேட்கும். நான் அரத்தால் சாவிப் பல்லை ராவுகிற கீச்சு அவளுக்குக் கேட்கும். "தம்பி, பல்லு தேய்க்கிறத வீட்டுலயே முடிச்சுட்டு வரக்கூடாதா?" என்று அங்கிருந்தபடியே குரல் கொடுப்பாள். நான் பதில் யோசிப்பதற்குள் என் சார்பில் அவளே ஒரு பதிலைச் சொல்லி, அதற்குச் சிரித்தும் முடித்துவிடுவாள். எனக்கு ஐம்பது வயதாகிறது. இன்னும் தம்பிதான்.

அது படங்களுக்கு ஃப்ரேம் போடும் கடை. மரவேலை அவள் வீட்டுக்காரர் அண்ணனுக்கு, கண்ணாடி வேலை அக்காவுக்கு. கல்யாணமான புதிதில் கண்ணாடியையும் அண்ணன்தான் வெட்டினாராம், பாதி உடைந்துபோகுமாம். "இவரு கண்ணாடியப் பார்த்துப் பயப்படுவாரு. கண்ணாடி இவரப் பார்த்துப் பயந்து உடைஞ்சிடும்" என்பாள் அக்கா. அதனால் வெட்டும் கருவியை அவள் வாங்கிக்கொண்டாள். அளவுகோலை அழுத்திப் பிடித்து ஒரே இழுப்பு, அப்புறம் மேசை விளிம்பில் வைத்து ஒரு அமுக்கு. கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டாகப் பிரியும். வேறு யாரும் அவளுக்கு அந்த அளவுக்கு அடங்கியதில்லை, அண்ணனைத் தவிர.

படம் கொண்டுவருகிறவர்களும் தப்ப முடியாது. ஒருவர் தன்னுடைய படத்தையே பெரிதாக்கி எடுத்துக்கொண்டு வந்தார். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது யாருங்க?"

"நான்தாங்க."

"அப்படியா. பரவால்ல, கண்ணாடி போட்டா கொஞ்சம் மறைஞ்சிடும்."

அந்த மனிதர் கோபித்துக்கொண்டு போயிருக்க வேண்டும்தான். ஆனால் மறுநாள் மனைவியின் படத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதில் எல்லோருக்கும் ஒரு சுகம் இருக்கிறது. அவள் யாரையும் நோகடிக்க நினைத்துப் பேசுவதில்லை என்று தெரியும்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். அவர்களிடம் ஒரு குட்டி வேன் உண்டு. டிப்போவிலிருந்து கண்ணாடித் தகடு ஏற்றிவர, முடிந்த படங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். வாங்கும்போது நீல நிறம். எங்கே துரு தெரிந்தாலும், ஃப்ரேமுக்கு அடித்து மிஞ்சிய தங்கக் கலரை அண்ணன் அங்கே பூசிவிடுவார். வருஷம் போகப் போக நீலம் குறைந்து தங்கம் கூடியது. தூரத்தில் வரும்போது தேமல் படர்ந்த எருமை மாதிரி இருக்கும். வண்டி அக்காவின் பேரில் பதிவாகியிருந்தது. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, வாங்கிய அன்றைக்கு அண்ணனுக்குக் காய்ச்சல், அக்கா போய்க் கையெழுத்துப் போட்டாள். அதோடு சரி. ஓட்டுவது அண்ணன், துடைப்பது அண்ணன், ரிப்பேர் ஆனால் திட்டு வாங்குவதும் அண்ணன். அக்கா பேருக்கு ஓனர்.

ஒருநாள் அண்ணன் யார் வீட்டிலோ படம் மாட்டப் போய், ஸ்டூலிலிருந்து விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடியது, ஆனால் கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேன் கடை வாசலில் நின்றது நின்றபடி இருந்தது.

நின்றபடி என்று ஊருக்குத்தான் தெரியும். நான் காலையில் சீக்கிரமே கடை திறக்கிறவன். வேனின் டிரைவர் சீட்டில் அக்கா உட்கார்ந்திருப்பதை ஒருநாள் பார்த்தேன். எஞ்சின் ஓடவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு, கியரை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, வராத லாரிக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தாள். சன்னலைத் தட்டினேன்.

"எந்த ஊருக்கு அக்கா? வழியில என்னை இறக்கி விடுவீங்களா?"

ஆளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அவள் வாயடைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதை இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிறேன். பிறகு விஷயத்தைச் சொன்னாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் அம்மாவுக்குச் சுவர் நிறைய மாட்டும்படி ஃப்ரேம் போட்டுக் கொடுத்து, அதற்குப் பதிலாகப் பாடம் படித்திருக்கிறாள். தேர்வும் எழுதி, லைசென்ஸ் கையில் வந்துவிட்டது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"அண்ணன்கிட்ட சொல்றதுக்கு என்னக்கா?"

"சொன்னா வேணாம்னு சொல்ல மாட்டாரு தம்பி. அதான் தொல்லை. 'சரிம்மா, சரிம்மா'ன்னு தலைய ஆட்டிட்டு, நான் திரும்பி வர்ற வரைக்கும் வாசல்லயே நொண்டிக்கிட்டு நிப்பாரு. கை நல்லாப் பழகட்டும். ஒருநாள் டிப்போ வரைக்கும் போய்க் கண்ணாடி ஏத்திட்டு வந்து எதிர்ல நிறுத்தறேன். அப்ப பாரு அவரு மூஞ்சிய."

இதைச் சொல்லும்போது அவள் கை ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தது. சாவி ராவுகிற என்னை மாதிரி ஆளுக்குக்கூடப் புரிந்தது, அவளுக்கு அந்த வண்டி மேல் எவ்வளவு ஆசை என்று. வாழ்க்கை முழுவதும் அடுத்தவர் படத்துக்குக் கண்ணாடி போட்டவள். தனக்கென்று அவள் ஆசைப்பட்டு நான் கண்டது இந்த ஒன்றைத்தான்.

அந்த ஒருநாள் வருவதற்கு முன் நாத்தனார் வந்துவிட்டார்.

நாத்தனார் என்றால் அண்ணனின் கூடப்பிறந்த அக்கா; அவரைக் கண்ணாடிக்கார அக்கா அண்ணி என்று கூப்பிடுவாள். சின்ன வயதிலேயே தாயை இழந்த அண்ணனைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். தன் படிப்பை நிறுத்திவிட்டுத் தம்பியைப் படிக்க அனுப்பியவர். அதனால் அவர் கேட்டு அண்ணன் இல்லை என்று சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. நாத்தனாரின் கணவரோ தொழில் தொடங்குவதில் மன்னன். தொடங்குவதோடு நிறுத்திக்கொள்வார். காளான் வளர்த்தார், மீன் தொட்டி விற்றார், இப்போது நாற்காலி வாடகைக்கு விடப் போகிறாராம்.

"வண்டி சும்மாத்தானே நிக்குது. மாமா நாற்காலி ஏத்திக்கட்டும். அவர் பேருக்கே மாத்திக் குடுத்துடு" என்றார் நாத்தனார்.

"எடுத்துக்கக்கா" என்றார் அண்ணன்.

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. கண்ணாடி வெட்டும் கீச்சு பாதியில் நின்றது. அப்புறம் உடைகிற சத்தம். அக்கா கையில் கண்ணாடி உடைந்து நான் அதுவரை கேட்டதே இல்லை.

சாயங்காலம் நாத்தனார் போன பிறகு அக்கா என் கடை வாசலில் வந்து நின்றாள். "ஏன் பேசாம இருந்தீங்க? ஓனர் நீங்கதானே?" என்று நான்தான் குதித்தேன்.

"அவங்க இல்லன்னா இவரு ஆளே இல்ல தம்பி. அவங்க கேட்டு நான் எப்படி வாயத் திறப்பேன்?" என்றாள். அவ்வளவுதான். கிண்டல் இல்லை, சிரிப்பு இல்லை.

பேர் மாற்ற வேண்டுமென்றால் வண்டிப் புத்தகம், அதாவது ஆர்.சி. புக், வேண்டும். அண்ணன் அதைத் தேடப் போனார், புத்தகத்தைக் காணோம். அலமாரியில் இல்லை, வேனில் இல்லை, கல்லாப் பெட்டியில் இல்லை, மெத்தைக்கு அடியில்கூட இல்லை.

எங்கே போயிருக்கும் என்று எங்கள் இரண்டு கடைக்கும் உடனே தெரிந்துவிட்டது. ஃப்ரேம் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. படத்துக்கும் பின்பலகைக்கும் நடுவில் இடம் இருந்தால் படம் தொளதொளவென்று ஆடும். அதற்கு அட்டை வைத்து இறுக்கி, ஆணி அடித்து, சுற்றிலும் காகிதம் ஒட்டிவிடுவார்கள். என்ன அட்டை என்று யாரும் பார்ப்பதில்லை. சட்டை வந்த பெட்டி, பழைய காலண்டர், எது கைக்கு வந்தாலும் சரி. அண்ணன் இதில் மகா கெட்டிக்காரர். தன் உடைந்த முட்டியின் எக்ஸ்ரேயையே யார் வீட்டுப் படத்துக்கோ பின்னால் வைத்து ஆணி அடித்துவிட்டு, டாக்டரிடம் வெறுங்கையோடு போய் நின்றவர். வண்டிப் புத்தகத்துக்கோ நல்ல கெட்டி அட்டை. அதற்கு முந்தின மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பரிசுப் படங்கள் அவசரமாகச் செய்து கொடுத்தபோது கடையில் அட்டை தீர்ந்துபோயிருந்தது.

"இருக்குமோ?" என்று தலையைச் சொறிந்தார் அண்ணன்.

"இருக்குமோ என்ன, இருக்கும். ஏதோ ஒரு வீட்டுச் சுவத்துல நம்ம வண்டி தொங்கிட்டு இருக்கு" என்றாள் அக்கா. வெகு நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். புத்தகம் இல்லை என்றால் வண்டி எங்கேயும் போகாது.

ஆனாலும் அண்ணன் நாத்தனாருக்கு வாக்குக் கொடுத்தவர். என்னையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். படத்தின் முதுகைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் யார் விடுவார்கள்? அதனால் இலவசமாகக் கண்ணாடி துடைத்துத் தருகிறோம் என்று ஒரு பொய்யைச் சொன்னோம். அந்தப் பொய் எங்களைப் படுத்திய பாடு! இலவசம் என்று கேள்விப்பட்டதும் எங்களிடம் வாங்காத படங்களையெல்லாம் எடுத்து வந்து நீட்டினார்கள். ஒரு வீட்டில் மீன் தொட்டியைத் துடைக்கச் சொன்னார்கள். பல் டாக்டர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு வக்கீல் வீட்டுக் குடும்பப் படத்துக்குப் பின்னாலிருந்து முட்டி எக்ஸ்ரே கிடைத்தது, அண்ணன் அதைத் தொலைந்த பிள்ளையைப் பார்த்த மாதிரி கட்டிக்கொண்டார். புத்தகம் மட்டும் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. பரிசு வாங்கிய பிள்ளைகள் எந்தெந்தத் தெருவுக்குக் கொண்டுபோனார்களோ, யார் கண்டது?

நாத்தனாரிடம் போய் இதைச் சொன்னால் அவர் நம்ப வேண்டுமே. கடைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"படத்துக்குப் பின்னால வண்டி புக்கு போச்சாம். இந்தக் காதுல பூ சுத்தற கதைய வேற யார்கிட்டயாவது சொல்லுங்க. குடுக்க மனசில்லாதவங்க எங்கயோ எடுத்து மறைச்சு வெச்சிருக்காங்க."

யாரென்று அவர் சொல்லவில்லை. பார்வை நேராக அக்கா மேல் இருந்தது. அண்ணன் வாயைத் திறந்தார், மென்று முழுங்கினார், மறுபடி திறந்தார். அவரைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது எனக்கு.

அக்கா எழுந்துபோய் வீட்டு அலமாரியின் முன்னால் நின்றாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. "தம்பி, இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டாள். "இந்த அலமாரிய நீயே தொறந்து, எல்லாத்தையும் எடுத்து அண்ணி முன்னால வை. சாவி என் கைல இருந்தா நான் ஏதாவது பண்ணிட்டேன்னு வரும்."

நான் எத்தனையோ பூட்டுத் திறந்திருக்கிறேன். இந்தப் பூட்டைத் திறக்கும்போது எனக்குக் கூசியது. புடவைகள், போர்வைகள், அண்ணனின் கல்யாணச் சட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். நாத்தனார் ஒவ்வொன்றையும் உதறிப் பார்த்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இதுல இல்லைன்னா வேற இடத்துல இருக்கும்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் போனார்.

அன்றைக்கு அக்கா அழுதாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. காலையில் என் கடைக்கு வந்தபோது கண் வீங்கியிருந்தது, ஆனால் பேச்சு திடமாக இருந்தது.

"தொலஞ்சுபோச்சுன்னா வேற புக்கு எழுதிக் குடுப்பாங்களாமே. வாங்கிடறேன்."

"உங்களுக்கென்ன பைத்தியமா? புக்கு இல்லாத வரைக்கும் வண்டி உங்க வாசல்ல நிக்கும். வாங்கினீங்கன்னா மறுநாளே அத மாமா ஓட்டிட்டுப் போயிடுவாரு."

"வண்டி போனா போகட்டும். மறைச்சு வெச்சவங்கற பேரோட அந்த வண்டிய நான் எப்படித் தொடுவேன்? நீ சாட்சிக் கையெழுத்துப் போட வர்றியா இல்லையா?"

போனேன். அவளிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை.

முதலில் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, தேடியும் கிடைக்கவில்லை என்று சான்று வாங்கினோம். பிறகு வாகன அலுவலகம். சன்னலுக்குப் பின்னால் ஒரு அம்மா ரப்பர் முத்திரையைக் கையிலேயே பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எப்படித் தொலஞ்சுது?"

"ஏதோ ஒரு படத்துக்குப் பின்னால இருக்கும்மா" என்றாள் அக்கா.

"இருக்குன்னா தொலையலையே?"

"எந்தப் படம்னு தெரியலம்மா."

"அப்போ தொலஞ்சிடுச்சு" என்று அந்த அம்மா எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"சாட்சிங்க."

"தொலஞ்சத நீங்க பார்த்தீங்களா?"

"தொலையறத எப்படிம்மா பார்க்கறது? பார்த்திருந்தா எடுத்து வெச்சிருப்பேனே."

அக்கா என் முழங்கையில் கிள்ளினாள். அந்த அம்மா சிரிக்கவில்லை, ஆனால் முத்திரை சரியாக விழுந்தது. வண்டியை அலுவலகத்துக்குக் கொண்டுவர வேண்டும், அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணை இன்ஸ்பெக்டர் சரிபார்ப்பார், ஓனர் கூடவே இருக்க வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுத்தார்.

வண்டியை ஓட்டிவர மாமா வருவதாக ஏற்பாடு. தான் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பப் போவதில்லை என்று நாத்தனார், அண்ணனை அழைத்துக்கொண்டு வாடகைக் காரில் முன்னாலேயே போய்விட்டார். அக்காவும் நானும் கடை வாசலில் மாமாவுக்காகக் காத்திருந்தோம். மாமா வரவில்லை. போன் வந்தது. வயிற்றைக் கலக்குகிறதாம். தொழிலை மட்டுமில்லை, ஒத்துக்கொண்ட வேலையையும் மனிதர் பாதியில்தான் விடுவார்.

அக்கா போனை இடுப்பில் செருகினாள். உள்ளே போய்ச் சாவியோடு வந்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏறு தம்பி."

"நான் பஸ்ல வந்துடறேன் அக்கா."

"சாட்சி இல்லாம எப்படி? ஏறு."

ஏறினேன். முதல் திருப்பம் வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்தால் வண்டி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பழகிய ஓட்டுநர்களைவிட மெதுவாக ஓட்டினாள், அவ்வளவுதான். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தபோது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். "அவசரம்னா மேல பறந்து போடா" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். மேட்டில் ஒருமுறை எஞ்சின் அணைந்துவிட்டது. பதறாமல் மறுபடி கிளப்பினாள். பாதி வழியில் அவள் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. பாடிக்கொண்டிருந்தாள். இந்த ஆசையை விட்டுக்கொடுக்கத்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

அலுவலக வாசலில் நாத்தனாரும் அண்ணனும் நின்றிருந்தார்கள். தங்கத் தேமல் வேன் வருவதை முதலில் பார்த்தவர் அண்ணன். டிரைவர் சீட்டில் மாமாவைத் தேடினார். அக்காவைப் பார்த்தார். ஊன்றுகோல் கையிலிருந்து நழுவியது, அதைக் குனிந்து எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா வரிசையில் நின்ற இரண்டு லாரிகளுக்கு நடுவில் பின்பக்கமாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"யாரு ஓனர்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் இன்ஸ்பெக்டர்.

"நான்தாங்க."

"ஓட்டிட்டு வந்தது?"

"அதுவும் நான்தாங்க."

லைசென்ஸை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அடிச்சட்டத்து எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் பதிய வேண்டும். அவர் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். வழவழவென்று ஒரு தங்கப் பட்டைதான் தெரிந்தது. அங்கேயும் ஒருநாள் துரு தெரிந்திருக்கிறது, அண்ணன் அங்கேயும் பூசியிருக்கிறார்.

"இது என்னங்க, வண்டியா, ஃப்ரேமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரெண்டும்தாங்க" என்றாள் அக்கா. அண்ணன் அசடு வழிந்தார். அக்கா பையிலிருந்து கண்ணாடி சுரண்டும் பிளேடை எடுத்து, தரையில் முழங்கால் போட்டு, பெயிண்டைப் பக்குவமாகச் சுரண்டினாள். எண் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சட்டையெல்லாம் தங்கத் தூளோடு இன்ஸ்பெக்டர் பென்சிலால் அச்செடுத்துக்கொண்டு போனார்.

திரும்பும்போது அண்ணன் வேனில் வந்தார், நாத்தனார் வாடகைக் காரிலேயே போய்விட்டார். மேட்டில் எஞ்சின் அணையாமல் ஏறியபோது அண்ணன், "எப்பம்மா கத்துக்கிட்ட?" என்றார். "நீங்க பார்க்காதப்போ" என்றாள் அக்கா. அவர் தன் பங்குக்கு இல்லாத கிளட்சை மிதித்தபடியே வந்தார்.

சில வாரம் கழித்துப் புதுப் புத்தகம் வந்தது. அக்காவே நாத்தனாருக்குப் போன் செய்து வரச் சொன்னாள். அவர் வந்தபோது அண்ணன் ஃப்ரேமுக்கான பீடிங் கட்டையை இழைத்துக்கொண்டிருந்தார், நான் கூப்பிடாமலே வந்து நின்றிருந்தேன். அக்கா புத்தகத்தை நாத்தனார் கையில் கொடுத்தாள். புத்தம் புது அட்டை. நாத்தனார் திறந்து, பேரைப் படித்து, தேதியைப் படித்து, முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"அப்போ நெஜமாவே தொலஞ்சுதான் போயிருக்கு" என்றார், குரல் கொஞ்சம் இறங்கி.

"இப்ப நம்பறீங்களா அண்ணி?"

"நம்பறேன். நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எனக்கு அது போதும்" என்றாள் அக்கா. புத்தகத்தை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "புக்கு என்கிட்ட இருக்கு. எங்க இருக்குன்னும் உங்களுக்குத் தெரியும். மறைக்கற பழக்கம் எனக்கு இல்ல, அதனால நேராவே சொல்றேன். வண்டியக் குடுக்க மாட்டேன் அண்ணி. நான் ஓட்டப் போறேன்."

இழைப்புளி நின்றது. நாத்தனார் அண்ணன் பக்கம் திரும்பினார். "என்னடா இது? நீ சொல்லு."

அண்ணன் நெற்றியில் வியர்த்திருந்தது. தூக்கி வளர்த்த அக்காவைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், என்னைக்கூடப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன், இதில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட முடியாது.

"வண்டி அவ பேர்ல இருக்குக்கா" என்றார்.

ஒருவழியாகச் சொல்லிவிட்டார். நாத்தனார் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் போய்த் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார், வாடகைக் கார் ஒன்றும் கண்ணில் படவில்லை. நல்ல வெயில். அக்கா அவரைத் தாண்டிப் போய் வேனின் இடது பக்கக் கதவைத் திறந்து வைத்தாள்.

"ஏறுங்க அண்ணி. வீட்ல விட்டுடறேன்."

நாத்தனார் புடவையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். அக்கா சுற்றி வந்து ஏறினாள். எஞ்சின் கிளம்பியது. வண்டி நகர்வதற்கு முன், முன்கண்ணாடியைப் பார்த்தபடியே நாத்தனார் கேட்டது எனக்கும் கேட்டது:

"மாமாவோட நாற்காலிய எங்கயாவது எறக்கணும்னா உன் வண்டியக் கூப்பிட்டா வருவியா?"